'மாம்பழமாம் மாம்பழம்' யார் பாட்டு? அழ. வள்ளியப்பா பெயரைப் போட வேண்டுமா, வேண்டாமா?

பழைய கோகுலம் வாசகன்:
போன வாரம் பேத்தியின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். யு.கே.ஜி. பிள்ளைகள் பதினைந்து பேர், மஞ்சள் அட்டையில் வெட்டிய மாம்பழத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு வரிசையாக நின்று 'மாம்பழமாம் மாம்பழம்' பாடினார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் அந்தப் பாட்டுக்கு எதிரே 'நாட்டுப்புறப் பாடல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அடுத்த வரியில் ஒரு சினிமாப் பாட்டு. அதற்கு மட்டும் பாடலாசிரியர், இசையமைப்பாளர், படம் என்று எல்லாம் இருந்தது.

அது நாட்டுப்புறப் பாடல் இல்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா எழுதியது. புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் 1922-ல் பிறந்தவர். இந்தியன் வங்கியில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதிக் குவித்தவர். பூஞ்சோலை, கோகுலம் என்று சிறுவர் பத்திரிகைகளையும் நடத்தினார். அவர் பெயரைப் போட ஒரு வரி இடம் இல்லாமலா போயிற்று? மனசு ஆறவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கும்மிக்காரன்:
ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் நேர் எதிராக நினைக்கிறேன். 'நிலா நிலா ஓடி வா', 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு', 'கை வீசம்மா கை வீசு' இதெல்லாம் யார் எழுதியது? யாருக்கும் தெரியாது. அந்த வரிசையில் தான் எழுதிய பாட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது என்றால், ஒரு கவிஞனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பேர் உதிர்ந்து பாட்டு நிற்கிறது. நான் ஊர் ஊராகக் கும்மிப்பாட்டு சேகரிப்பவன். பேர் ஒட்டிக்கொண்டிருக்கும் பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். பேர் போன பாட்டைத்தான் தன் பாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். என் மகள் 'சேலத்து மாம்பழம்' என்று பாடுவதே இல்லை, 'கிருஷ்ணகிரி மாம்பழம்' என்றுதான் பாடுவாள். எங்கள் ஊர் அது. பேரை எழுதி ஒட்டினால் உடனே ஒரு டீச்சர் வந்து "தப்பு, சேலம்னு சொல்லு" என்பார்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
டீச்சர் வந்து அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன் அண்ணா :)

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 'வட்டமான தட்டு, தட்டு நிறைய லட்டு' பாட்டை நான் கணக்குக்குத்தான் எடுத்தேன். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு தட்டு வரைந்து எட்டுப் புளியங்கொட்டை வைப்போம். 'எட்டில் பாதி விட்டு எடுத்தான் மீதி கிட்டு' என்று வரும்போது ஒரு பையன் நாலை எடுப்பான். பிறகு ஒரு பெண் பிள்ளை தங்கை பட்டுவாக வந்து மிச்ச நாலையும் எடுத்துக்கொள்வாள். தட்டு காலி. அரைப் பங்கு என்றால் என்ன என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, விளங்கிவிட்டது.

ஒரு நாள் வள்ளியப்பா படத்தை அட்டையில் ஒட்டிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டி, "இந்தத் தாத்தாதான் லட்டுப் பாட்டு எழுதினவர்" என்றேன். உடனே வந்த கேள்வி: "வேற என்ன பாட்டு எழுதியிருக்காரு டீச்சர்?" அன்றைக்குத்தான் 'மலரும் உள்ளம்' புத்தகத்தை வகுப்புக்கு எடுத்துப்போனேன். அதுவரை அது பீரோவில் கிடந்தது. பெயர் தெரிந்தால்தான் அடுத்த பாட்டைத் தேடுவார்கள். நாட்டுப்புறப் பாட்டு என்று சொல்லியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

செவ்வியல் பித்தன்:
நான் வேறு கட்சி. பெயர் போடுவதெல்லாம் சரிதான். ஆனால் 'கவிஞர்' என்று இவ்வளவு தூக்கிப் பிடிக்க அதில் என்ன இருக்கிறது? தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு. எதுகை பிடிக்கத் தெரிந்த யாரும் எழுதிவிடலாம். பாரதியின் பாப்பா பாட்டில் ஒரு தேசமே இருக்கிறது. இங்கே லட்டுதான் இருக்கிறது.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
சார், யாரும் எழுதிவிடலாம் என்றால் தயவுசெய்து எழுதிப் பாருங்கள். நான் முயன்றிருக்கிறேன், மூன்றாவது வரியில் முட்டி நின்றுவிடும். அத்தனை வரியும் 'ட்டு' என்று முடிய வேண்டும், அதற்குள் ஒரு கதை நடக்க வேண்டும், கணக்கும் சரியாக வர வேண்டும், ஒரு சொல்லுக்குக்கூடப் பிள்ளை அர்த்தம் கேட்கக் கூடாது. நாலு வயசுப் பிள்ளைக்கு ழகரம் வராது, 'மாம்பளம்' என்றுதான் வரும். 'ட்டு' மட்டும் முதல் நாளே அட்டகாசமாக வரும். வகுப்பே அதிரும். இதைத் தெரிந்து வைத்திருந்த மனிதர் அவர்.

அப்புறம் பாரதி. பாப்பா பாட்டு எனக்கும் உயிர். ஆனால் அதில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து 'ஓய்ந்திருக்கலாகாது' என்று புத்தி சொல்கிறார். லட்டுப் பாட்டில் பெரியவரே இல்லை. அண்ணனும் தங்கையும் தட்டும்தான்.

செவ்வியல் பித்தன்:
பெரியவர் இல்லாத பாட்டைக் கவிமணி முன்பே பாடிவிட்டாரே. 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப் பசு', பசுவும் கன்றும் தவிர அந்தப் பாட்டில் யார் இருக்கிறார்கள்? வள்ளியப்பாவுக்கும் புத்தி சொல்லும் பாட்டுகள் நிறையவே உண்டு. 'பாட்டிலே காந்தி கதை' எழுதியவர்தானே? நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து வாதாடக் கூடாது.

பழைய கோகுலம் வாசகன்:
கவிமணியைப் பற்றிச் சொன்னது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். புத்தி சொல்லும் பாட்டுகள் உண்டு என்பதும் உண்மை. அவற்றில் சில இன்றைக்கு ஒட்டவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1940-ல் வள்ளியப்பா, பதிப்பாளர் வை. கோவிந்தனின் சக்தி காரியாலயத்தில் வேலைக்குச் சேர்கிறார். பணம் எண்ணும் வேலை. அங்கே எழுத்தாளர் தி.ஜ.ர. (தி. ஜ. ரங்கநாதன்) எழுதச் சொல்லித் தூண்டுகிறார். சக்தி பத்திரிகையில் வந்த முதல் கதையின் தலைப்பு 'ஆளுக்குப் பாதி'. பிறகு வருகிறது லட்டு: எட்டில் பாதி கிட்டுவுக்கு, பாதி பட்டுவுக்கு. மாம்பழப் பாட்டு எப்படி முடிகிறது? 'உங்களுக்கும் வேண்டுமா' என்று கேட்டுவிட்டு, 'பங்கு போட்டுத் தின்னலாம்' என்று கூப்பிடுகிறது. ஒரே கை மூன்று இடத்திலும் பழத்தையும் பலகாரத்தையும் பிட்டு வைக்கிறது. 'பகிர்ந்து உண்' என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. கும்மிக்காரன் தம்பி, பெயரை எடுத்துவிட்டால் இது ஒரு மாம்பழப் பாட்டு, அது ஒரு லட்டுப் பாட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. நீங்கள் கேட்ட 'என்ன இருக்கிறது' என்பதற்கும் இதுதான் என் பதில், செவ்வியல் சார்.

செவ்வியல் பித்தன்:
மூன்றையும் சேர்த்து நான் பார்த்ததில்லை. மறுபடி படிக்கிறேன்.

கும்மிக்காரன்:
ஐயா, அருமையாகச் சொன்னீர்கள். ஆனாலும் கேட்கிறேன்: அவருக்கே இந்தப் பெயர் முக்கியமாக இருந்திருக்குமா? பிள்ளைகள் பாடினால் போதும் என்றுதானே இருந்திருப்பார்?

பழைய கோகுலம் வாசகன்:
தன் பெயர் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களின் பெயர் அவருக்கு மிக முக்கியம். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்னால் நின்றவர் அவர். பெரியவர்களுக்கு எழுதுகிறவரை எழுத்தாளர் என்றும், பிள்ளைகளுக்கு எழுதுகிறவரை 'சும்மா ஏதோ எழுதுகிறார்' என்றும் பார்த்த காலம். கடைசி வரைக்கும் அதற்காகத்தான் பேசினார். 1989 மார்ச் 16, மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில் குழந்தை இலக்கியத்துக்காகப் பேசிய அன்றே மயங்கி விழுந்து உயிர் போயிற்று. அப்படிப்பட்டவரின் பாட்டை ஆள் இல்லாத பாட்டு என்று அச்சடிக்கலாமா?

நாட்டுப்புறப் பாட்டுக்குப் பெயர் இல்லாதது, பல தலைமுறை வாய்கள் சேர்ந்து செய்ததால். இதைச் செய்தவர் ஒருவர். 23 பாட்டுகளோடு 1944-ல் முதல் தொகுப்பைப் போட்டவர். இரண்டும் ஒன்றாகாது தம்பி.

கும்மிக்காரன்:
மதுரை விஷயம் எனக்குத் தெரியாது ஐயா. சரி, தாளில் பெயர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அச்சடிக்கிற இடத்தில், வீடியோ போடுகிற இடத்தில், ஆண்டு விழாவில், எங்கேயானாலும் அழ. வள்ளியப்பா என்று இருக்கட்டும். எங்கள் ஊர் நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் பாட்டுத்தாள் ஒன்று நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதில் மாம்பழப் பாட்டுக்குக் கீழே 'வழக்கிலுள்ளது' என்று போட்டதும் நான்தான். நாளைக்குப் போய் மாற்றிக் கொடுக்கிறேன்.

ஆனால் மகள் கிருஷ்ணகிரி மாம்பழம் என்று பாடுவதை நான் திருத்தப் போவதில்லை.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
திருத்த வேண்டாம் அண்ணா. என் வகுப்பில் பெரியகுளம் மாம்பழமும் உண்டு.

பழைய கோகுலம் வாசகன்:
டீச்சரம்மா, அந்தப் படம் ஒட்டிய அட்டையை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். பேத்தியின் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.