ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தது எதனால்? பதிவேட்டை வைத்துப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

கவுண்டன்யா கரை:
குடியாத்தத்தில் ஒரு நகராட்சித் தொடக்கப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகள் 1970களிலிருந்து கிழியாமல் இருக்கின்றன. அப்போது ஒன்றாம் வகுப்பில் இரண்டு பிரிவு, இப்போது ஒரு பெஞ்சு நிறைவதில்லை. கேட்டால் எல்லாரும் ‘இங்கிலீஷ் மீடியம்’ என்கிறார்கள். பிறப்பு குறைந்தது எவ்வளவு, தனியாருக்குப் போனது எவ்வளவு என்று பிரிக்க முடியுமா? நகராட்சிப் பிறப்புப் பதிவை எடுக்கலாமா?

வருகைப்பதிவு:
பிறப்புப் பதிவை மட்டும் எடுக்காதீர்கள். குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவாகும். சுற்றுக் கிராமத்துப் பிரசவமெல்லாம் குடியாத்தம் அரசு மருத்துவமனைக் கணக்கில் ஏறும். உங்கள் தெருக்காரர் வேலூர் சி.எம்.சி.யில் பெற்றால் அது வேலூர்க் கணக்கு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வார்டு வாரியாக 0-6 வயது எண்ணிக்கை இருக்கிறது. அதை ஏழால் வகுத்தால் ஒரு வயதுக்குச் சுமாராக எத்தனை பிள்ளைகள் என்று தெரியும். 2001க்கும் அப்படியே செய்யுங்கள், ஆனால் வார்டு எல்லை மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரின் அந்தப் பகுதியிலேயே பிள்ளைகள் குறைந்திருந்தால் பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பதிவேட்டில் சேர்க்கை எண்ணை அப்படியே எண்ணினால் ஏமாறுவீர்கள். பெங்களூருக்குப் பிழைக்கப் போய்த் திரும்பிய பிள்ளைக்குப் புது எண் போட்டிருப்பார்கள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் ஒத்தால் ஒருவர்தான். பிறகு ஐந்தாம் வகுப்பை நான்கு வருடம் முந்தைய ஒன்றாம் வகுப்போடு ஒப்பிடுங்கள். நடுவில் டிசி வாங்கியவர்களையும், நீண்ட நாள் வராமல் பெயர் நீக்கப்பட்டவர்களையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

தீப்பெட்டி:
இது பீடி, தீப்பெட்டி, கைத்தறி ஊர். அதனால் ஒரு எச்சரிக்கை. பத்து வயதில் நேராக நான்காம் வகுப்பில் சேர்ந்த பெயர்கள் கொத்தாக வந்தால் அது பிறப்புப் பெருக்கம் இல்லை. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன குழந்தைத் தொழிலாளர் சிறப்பு மையங்களிலிருந்து பள்ளிக்கு வந்தவர்களாக இருக்கலாம். 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பது சட்டமே ஆகிவிட்டது. இவர்களை ஒன்றாம் வகுப்புக் கணக்கில் கலக்காதீர்கள்.

உருது வழிப் பள்ளி இருந்தால் அதற்குத் தனித் தாள் போடுங்கள். 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் தமிழ் கட்டாயப் பாடமாகி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. தமிழ் பாடமாக வந்ததையும் ஆள் குறைந்ததையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

ஈராசிரியர்:
இங்கிலீஷ் மீடியம் வாதத்தைத் தேதி வைத்தே சோதிக்கலாம். அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் 2012-13இல் தொடங்கிப் பரவலாகத் திறந்தன. உங்கள் பள்ளியிலும் அது திறந்த பிறகு சேர்க்கை அதே வேகத்தில் இறங்கியிருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் 2013-14இல் வந்தது. அதில் எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வருவது 2015-16. சரிவை அந்த ஆண்டில் தேடுங்கள், 2013இல் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை. தொடக்கப்பள்ளியில் 60 பேர் வரை இரண்டு ஆசிரியர்தான். ஆகஸ்ட் 1 எண்ணிக்கையில் 61 இருந்தால் மூன்றாமவர் இருப்பார். ஒரு பிள்ளை குறைந்தால் அவர் உபரி, அடுத்த பணிநிரவலில் (உபரி ஆசிரியரை ஆள் குறைவான பள்ளிக்கு மாற்றுவது) வேறு பள்ளி. மீதி இரண்டு பேரில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் டிசி கேட்பார்கள். பிறப்புக் குறைவு தொடங்கிவைத்ததை இந்த விதி முடித்துவைக்கிறது. 61, 91 என்ற எண்களைத் தாண்டி இறங்கிய ஆண்டுகளில் டிசி எத்தனை என்று பாருங்கள்.

கவுண்டன்யா கரை:
சென்னை, பெங்களூர் என்று ஊர் போட்ட டிசியைத் தனியாக எடுக்கவா?

வருகைப்பதிவு:
எடுங்கள். வெளியூர் டிசி வேறு, அதே தெருவில் இருக்கும் மெட்ரிக் பள்ளிக்கு வாங்கிய டிசி வேறு. காரணம் எழுதும் கட்டத்தில் ‘பெற்றோர் விருப்பம்’ என்று மட்டும் இருந்தால் முகவரியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.