புதுப்பிப்பு: டாட் இன்னா, டாட் காமா? முடிவெடுத்தாச்சு

எங்க சிறுதானிய மாவுக் கம்பெனியோட இணையதள முகவரிக்கு டாட் இன் போதுமா, டாட் காம் வேணுமான்னு போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ரெண்டையும் வாங்கிட்டோம். தளம் ஓடுறது டாட் இன்ல. வாங்குறவங்க எல்லாம் இந்தியாவுலதான். நாட்டுக் குறியீட்டைப் பார்த்து, இது இந்தியாவுக்கான தளம்னு கூகுள் எடுத்துக்கும். டாட் காம் வாங்கினது முக்கியமா மின்னஞ்சலுக்காக. மின்னஞ்சல் அனுப்புறவங்க பழக்கத்துல காம்னு தட்டிடுறாங்க. ஆர்டர் வேறொருத்தர் கைக்குப் போகக் கூடாது.

சிலர் சொன்ன டாட் ஐஓ வேண்டாம்னு விட்டுட்டோம். அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதியோட குறியீடு. அந்தத் தீவுகளை மொரிஷியஸுக்குக் கொடுக்க 2025ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. பகுதி கைமாறினா அதோட குறியீடும் போயிடலாம். பிரெக்ஸிட்டுக்கு, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினதுக்கு அப்புறம், பிரிட்டன்காரங்க எத்தனையோ பேர் அந்த ஒன்றியத்தோட டாட் இயு முகவரியை இழந்தாங்களே, அந்தப் பயம்தான்.

ஏற்றுமதி தொடங்கினா டாட் காமுக்கு மாறிக்குவோம்.