மிக்ஸி ரிவ்யூவுக்கு வக்கீல் நோட்டீஸ்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சொந்தக் காசில் வாங்கிய 750 வாட் மிக்ஸி. மஞ்சள்கூட அரைக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தார்கள். அரைத்தால் ஓவர்லோட் சுவிட்ச் விழுந்து, ஜாருக்கு அடியில் ரப்பர் கருகிய வாடை. அதை அப்படியே யூடியூபில் போட்டேன். இப்போது கம்பெனியிலிருந்து நோட்டீஸ்: வீடியோவை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அவதூறு வழக்காம்.

2020 ஜனவரியில் பாராசூட் தேங்காய் எண்ணெயைக் குறை சொன்ன யூடியூபர் மீதான வழக்கில், அவர் சொன்னதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி வீடியோவை நீக்கச் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது. என்னிடம் பில்லும் வெட்டாத வீடியோவும் இருக்கின்றன. இவை போதுமா? என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேபில் சோதிக்க எவ்வளவு ஆகும்? இப்படி நோட்டீஸ் வந்து பதில் அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். உண்மையைச் சொன்ன வீடியோவை நீக்க எனக்கு மனமில்லை.