போடுனேன்

என் மகளுக்கு இப்போது 7 வயது. மகனுக்கு 3 வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. மகள் பேசத் தொடங்கிய காலத்திலிருந்து நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். குழந்தைகள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே, ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல், தேதியோடு அதில் எழுதி வைப்பேன். கைப்பேசியில் புகைப்படங்களும் காணொளிகளும் நிறையவே இருக்கின்றன. ஆனால் குழந்தை எதை மனதில் வைத்துக்கொண்டு ஒன்றைச் சொன்னது என்பது அவற்றில் அகப்படுவதில்லை. கைப்பேசியைத் தேடி எடுப்பதற்குள் அந்தப் பேச்சே முடிந்துவிடுகிறது. அந்த நோட்டில் இருப்பவற்றில் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மகளுக்கு இரண்டே முக்கால் வயதாக இருந்தபோது, ஒரு மாலையில் பொம்மைகளையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு வந்து, "அம்மா, எல்லாத்தையும் கூடைக்குள்ள போடுனேன்" என்றாள். "போட்டேன்னு சொல்லணும்" என்றேன். அவள் நான் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொண்டவளாகத் தலையசைத்து, "ஆமா, போடுனேன்" என்றாள். இதில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று. சில மாதங்களுக்கு முன்புவரை அவள் "போட்டேன்" என்று சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரிந்ததை மறந்துவிட்டாளோ என்று இரண்டு நாள்கள் அவள் பேசுவதையே கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆடுனேன், ஓடுனேன், தேடுனேன், மூடுனேன் என்று அவள் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஆடு என்பது ஆடுனேன் என்றும், ஓடு என்பது ஓடுனேன் என்றும் ஆகும்போது, போடு என்பது போடுனேன் என்றுதானே ஆக வேண்டும்? வீட்டில் யாருமே ஒருமுறைகூடச் சொல்லாத சொல் அது. அதை அவள் யாரிடமிருந்தும் கேட்டுக் கற்றிருக்க முடியாது. முன்பு "போட்டேன்" என்றது கேட்டதைத் திருப்பிச் சொன்னது. இப்போது "போடுனேன்" என்பது அவளாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்துச் சொன்னது. "சாப்பிடுனேன்" என்ற சொல்லும் அதே வாரத்தில் வந்து சேர்ந்தது.

பின்னாளில் இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, ஜீன் பெர்கோ என்ற மொழியியலாளர் 1958இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அறிந்தேன். உலகில் இல்லாத ஓர் உயிரினத்தைப் படமாக வரைந்து, அதற்கு இல்லாத ஒரு பெயரையும் சூட்டி, அது இரண்டாக இருந்தால் எப்படிச் சொல்வாய் என்று சிறு குழந்தைகளிடம் அவர் கேட்டார். முன்பின் கேட்டறியாத அந்தச் சொல்லுக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பன்மையைச் சரியாக அமைத்தார்கள். பிள்ளைகள் சொற்களை மட்டும் சேர்த்து வைப்பதில்லை, சொற்களுக்குள் இருக்கும் ஒழுங்கையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது. அதற்குப் பிறகு "போட்டேன்னு சொல்லு" என்று நான் அவளை வற்புறுத்தவே இல்லை.

காலத்தைப் பற்றிய அவளுடைய கணக்கு இதைவிட அழகானது. நடந்து முடிந்ததெல்லாம் அவளுக்கு "நேத்து". காலையில் குளித்ததும் நேத்துதான், போன வருடம் ஒரு திருமணத்துக்குப் போய் வந்ததும் நேத்துதான். இனி நடக்கப்போவதெல்லாம் "நாளைக்கு". அந்தச் சொற்களைக் குழந்தையின் இடத்திலிருந்து பார்த்தால் அவை எவ்வளவு வழுக்கலானவை என்பது புரிகிறது. மேசை என்றால் அது நேற்றும் மேசை, இன்றும் மேசை. ஆனால் நாளை என்று நாம் சொல்லிக் காட்டும் நாள் விடிந்தவுடன் இன்று என்று பெயர் மாற்றிக்கொண்டு, அடுத்த நாள் நேற்று ஆகிவிடுகிறது. ஒரு முறை, "நாளைக்குப் பூங்காவுக்குப் போகலாம்" என்று சொல்லி அவளைத் தூங்க வைத்திருந்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் என் முகத்துக்கு மிக அருகில் வந்து நின்று, என் கண்ணிமையை விரலால் திறந்து பார்த்தபடி, "அம்மா, இன்னிக்கு நாளைக்கா?" என்று கேட்டாள். தூக்கக் கலக்கத்திலும் அந்தக் கேள்வி எனக்கு முற்றிலும் சரியாகவே பட்டது. "ஆமா கண்ணு, இன்னிக்குத்தான் நாளைக்கு" என்றேன்.

அதே கணக்கின்படிதான் இன்னொன்றையும் சொன்னாள். சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். சாயாமல் இருப்பதற்காக என் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, என் விரல்கள் பட்டனை ஓட்டைக்குள் நுழைப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "நாளைக்கு நான் பெரிசாயிடுவேன், நீ குட்டியாயிடுவ. அப்ப நான் உனக்குப் பட்டன் போட்டுவிடுறேன், நீ அழாத" என்றாள். தான் வளர வளர நான் சிறியவளாகிக்கொண்டே வருவேன் என்று அவள் முடிவு செய்திருந்தாள். பெரியவர்கள் சிறியவர்களாக ஆவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அருகில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "குழந்தை சரியாத்தான் சொல்லுது" என்றார். விரல் மூட்டுகளில் வலி வந்ததிலிருந்து காலையில் அவருடைய ஊக்குகளை மாட்டிவிடுவது நான்தான். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

மகனுடைய கதைகள் வேறு மாதிரியானவை. அவன் இரண்டரை வயதில் தொலைபேசியில் பேசும்போது தலையை மட்டுமே ஆட்டுவான். ஒருநாள் என் மாமியார், "தூங்கி எழுந்தாச்சா ராஜா?" என்று கேட்டார், இவன் பலமாகத் தலையாட்டினான். பதில் வராததால் அவர் மறுபடி கேட்க, இவன் இன்னும் பலமாக ஆட்டினான். நான் குறுக்கிட்டுச் சொல்வதற்குள் மறுமுனையிலிருந்து, "தலையாட்டுறியா?" என்று குரல் வந்தது. இவன் திகைத்துப்போய், கைப்பேசியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து, மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மெதுவாக ஒருமுறை தலையாட்டினான். "தெரியுது, தெரியுது, நல்லா ஆட்டு" என்றார் மாமியார். நான்கு பிள்ளைகளை வளர்த்தவருக்கு அந்த மௌனம் என்னவென்று கேட்டவுடனே தெரிந்திருக்கிறது.

தனக்குத் தெரிவது எல்லோருக்கும் தெரியும் என்ற நம்பிக்கை இந்த வயதுக் குழந்தைகளிடம் உறுதியாக இருக்கிறது. 1983இல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் இதற்கென ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கதையில் வரும் ஒரு சிறுவன் தன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அது வேறோர் அலமாரிக்கு மாற்றப்படுகிறது. திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான் என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரும்பாலும் மாற்றி வைத்த இடத்தையே காட்டுகிறார்கள். சென்ற மாதம் நானும் மகனிடம் இதைச் செய்து பார்த்தேன். அக்காவின் பந்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "அக்கா வந்தா எங்க தேடுவா?" என்று கேட்டேன். கதவைக் காட்டினான். அதோடு நிற்கவில்லை, அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, "பந்து இங்க இருக்கு, தேடாத" என்று இழுத்துக்கொண்டு வந்தான். அக்கா பந்தைத் தேடவே இல்லை. அவளுக்கு அதன் நினைவே இல்லை. இருந்தும் அவள், "நல்லவேளை, சொன்னடா" என்று தம்பியிடம் சொன்னதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவனுக்கு 3 வயது நிறைவதற்குச் சற்று முன்பு எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தேன். தன் தலையணையை இழுத்துக்கொண்டு வந்து என் வயிற்றின்மேல் வைத்தான்; ஏன் வயிறு என்று தெரியவில்லை. பிறகு என் தோளைச் சற்று வலிக்கும்படியாகவே தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அம்மா இருக்கேன்ல, தூங்கு" என்றான். அவனுக்கு உடம்பு சரியில்லாதபோது நான் சொல்லும் சொற்களை, "அம்மா" என்பதைக்கூட மாற்றாமல், அப்படியே எனக்குச் சொன்னான். எத்தனையோ இரவுகளில் பாதித் தூக்கத்தில் நான் சொன்ன சொற்கள் அவனுக்குள் அப்படியே இருந்திருக்கின்றன என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 3 வயதுக்கு முன் நடந்தவை நினைவிருப்பதில்லை. நினைவுகளைப் பதித்துவைக்கும் மூளைப் பகுதிகள் அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம். மகளும் தான் சொன்னவற்றை மறந்துவிட்டாள். "போடுனேன்" எந்த நாளில் அவள் பேச்சிலிருந்து போனது என்று எனக்கே தெரியவில்லை. முதன்முதலில் சொன்ன தேதி நோட்டில் இருக்கிறது. கடைசியாகச் சொன்ன தேதி இல்லை. அன்று அதுதான் கடைசி முறை என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

இப்போது மகள் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறாள். சென்ற வாரம் அந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு நெடுநேரம் தரையில் படுத்துப் படித்தாள். அவள் தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்தபோது, "போடுனேன்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் அடித்து, மேலே "போட்டேன்" என்று அழகாகத் திருத்தியிருந்தாள். மறுநாள் அவளை அருகில் அழைத்து, "இது நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப சொன்னது, அப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தம்பி யாரிடமோ, "நான் போடுனேன், நான் போடுனேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போய் அழிப்பானை எடுத்து வந்து, தான் எழுதியதைத் தேய்த்து அழித்தாள், பிறகு பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, "தம்பிக்குத் தனியா ஒரு நோட்டு இருக்கா?" என்று கேட்டாள்.