நூலகவியல் மாணவர்கள் சங்கங்களில் சேர்வதால் உண்மையில் பயன் உண்டா?

காவிரிக்கரை மாணவி கேட்டது:

மூத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் நூலக, தகவல் அறிவியல் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். எங்கள் துறைக்கு வரும் சிறப்பு விருந்தினர்கள் எல்லோரும் பேச்சின் முடிவில், ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள், கருத்தரங்குகளுக்குப் போய் நாலு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எந்தச் சங்கம், எதற்காக, அந்த நாலு பேரிடம் என்ன பேசுவது என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை.

சென்ற மாதம் முதன்முறையாக ஒரு கருத்தரங்குக்குப் போனேன். பதிவுக் கட்டணமும் பேருந்துச் செலவும் சேர்ந்து, விடுதியில் ஒரு மாதச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் கரைந்தது. முற்பகலில் பாதி பொன்னாடை போர்த்துவதிலேயே கழிந்தது. மதிய உணவின்போது மூத்த நூலகர்கள் பல ஆண்டுப் பழக்கத்தில் வட்டம் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருக்க, நானும் என் தோழியும் சுவரோரம் நின்று சாப்பிட்டுவிட்டுச் சான்றிதழோடு ஊர் திரும்பினோம். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால், இதையெல்லாம் கேட்டறிய வீட்டில் யாரும் இல்லை. கல்லூரிப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தை இதில் செலவிடுவது சரிதானா?

கல்லூரி நூலகர் ஒருவரின் மறுமொழி:

தங்கைக்கு வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாகக் கல்லூரி நூலகராக இருக்கிறேன். சுவரோரம் நின்று சாப்பிட்ட அனுபவம் எனக்கும் உண்டு.

நம் துறையில் சங்கத்துக்கு ஏன் இத்தனை மரியாதை என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் குழப்பம் பாதி தீரும். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியபோது அதற்குப் பின்னால் நின்றவர் அப்போதைய சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீ. இரா. அரங்கநாதன். மறு ஆண்டே அந்தச் சங்கம் நூலகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பல்கலைக்கழகம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது 1931-இல்தான். நாம் முதல் பருவத்தில் மனப்பாடம் செய்யும், அரங்கநாதன் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் நூலை அதே ஆண்டில் வெளியிட்டதும் அச்சங்கமே. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதற்குப் பின்னாலும் அவர்களுடைய நெடுநாள் முயற்சி இருக்கிறது. அன்று சங்கம் என்றால் செய்ய வேண்டிய வேலை இருந்தது, அதனால் ஆட்கள் கூடினார்கள். இன்று பல இடங்களில் சந்தா ரசீதோடு உறவு முடிந்துவிடுகிறது. ரசீது யாருக்கும் வேலை வாங்கித் தராது.

ஆகவே அடுத்த முறை பார்வையாளராகப் போகாதீர்கள். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பே அமைப்பாளருக்குக் கடிதம் எழுதி, பதிவு மேசையில் உட்காரவோ ஓர் அமர்வின் நிகழ்வுக் குறிப்பு எழுதவோ அனுமதி கேளுங்கள். பதிவு மேசையில் இருப்பவரிடம் வந்த ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். குறிப்பெழுதுபவர் பேச்சாளரிடம் போய் ஐயம் கேட்டே ஆக வேண்டும். கூச்சமுள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பல அமைப்பாளர்கள் இப்படி உதவுபவர்களிடம் கட்டணமும் வாங்குவதில்லை.

என்ன பேசுவது என்று கேட்டீர்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். நம் எழுத்தாளர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் தள்ளுவதா என்பதில் நூலகத்துக்கு நூலகம் வழக்கம் மாறுகிறது. பாரதிதாசனைப் புனைபெயரில் தேடுவதா, கனகசுப்புரத்தினம் என்று தேடுவதா? உங்கள் நூற்பட்டியலில் இதை எப்படித் தீர்த்தீர்கள் என்று ஒரு பட்டியலாக்க நூலகரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் பேசுவார்.

கோஹாவால் வேலை பெற்றவரின் மறுமொழி:

ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மாணவர்களிடம் ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். படிக்கும் காலத்தில் நான் ஏழு கருத்தரங்குகளில் பணம் கட்டிக் கட்டுரை கொடுத்தேன். அவற்றுள் ஒன்றில், எல்லாக் கட்டுரைகளையும் தொகுத்து ஐஎஸ்பிஎன் என்னும் பன்னாட்டுப் புத்தக எண்ணோடு புத்தகம் போட்டார்களே தவிர, ஒருவரையும் மேடையேற்றிப் பேசவிடவில்லை. அந்தச் சான்றிதழ்க் கோப்பை எந்த நேர்காணலிலும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது ஒரு மூன்று நாள் கோஹா பயிலரங்கால். நியூசிலாந்தில் 1999-இல் உருவாக்கப்பட்டு, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்ட நூலக மேலாண்மை மென்பொருள் அது. விற்றவர் என்று ஒருவர் இல்லாததால், சிக்கல் வந்தால் ஒரு நூலகர் இன்னொரு நூலகரைத்தான் அழைக்க வேண்டியிருக்கிறது. பயிலரங்கில் என் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையாருக்குப் பழைய எக்செல் கோப்பிலிருந்து பதிவுகளை மாற்றும்போது தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறின. பழைய எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றாததே காரணம் என்று கண்டுபிடித்து, இரவோடு இரவாகச் சரிசெய்து கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து, தம் ஊரிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நூலக உதவியாளர் இடம் காலியாக இருப்பதாக அவரே அழைத்துச் சொன்னார்.

யாழ்ப்பாண நூலகரின் மறுமொழி:

எங்கள் பக்கத்து நிலைமை சற்று வேறு. 1960-இல் தொடங்கி 1974-இல் சட்டத்தின் வழியே கூட்டிணைக்கப்பட்ட இலங்கை நூலகச் சங்கம், தானே நூலகவியல் கற்கைநெறிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடத்துகின்றது. வேலை செய்துகொண்டே அதில் படிக்கும் ஒருவர், பாடம் எடுக்கும் மூத்த நூலகர்களை வாரந்தோறும் சந்திக்கிறார். அறிமுகம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. உங்களுக்கு அந்த வசதி இல்லாதபடியால், கல்லூரி நூலகர் சொன்ன பதிவு மேசை நல்ல யோசனையாகவே படுகிறது.

காவிரிக்கரை மாணவி:

மூவருக்கும் நன்றி. சந்தா கட்டுவதென்றால் ஒன்றுக்குத்தான் என்னிடம் பணம் இருக்கிறது. எதில் சேரலாம்?

கல்லூரி நூலகர்:

எங்கே வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆய்வு நிறுவன நூலகங்களில் விருப்பமென்றால், 1955 முதல் கொல்கத்தாவிலிருந்து இயங்கும் ஐயாஸ்லிக், அதாவது சிறப்பு நூலகங்களுக்கும் தகவல் மையங்களுக்குமான இந்தியச் சங்கம் பொருந்தும். எல்லா வகை நூலகங்களுக்குமானது 1933-இல் தொடங்கிய இந்திய நூலகச் சங்கம். மாணவருக்குச் சலுகைச் சந்தா உண்டா என்று இரண்டிலும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பொது நூலகத்துறைதான் இலக்கு என்றால் இப்போதைக்குச் சந்தாவே வேண்டாம். ஆகஸ்டு 12 நூலகர் நாள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் இரண்டுக்கும் விழா நடக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது, கண்காட்சிக்கு நூல்களை அடுக்கி விவரச்சீட்டு எழுத எப்போதும் ஆள் போதாது. மாவட்ட நூலக அலுவலருக்கு உங்கள் துறைத்தலைவர் கையொப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். நெட் தேர்வுப் படிப்பு கெடாது. அந்த வாரத்தில் மாலை மூன்று மணி நேரம் கொடுத்தாலே போதும். தோழியையும் அழைத்துச் செல்லுங்கள், ஆனால் இருவரும் ஒரே மேசையில் உட்காராதீர்கள்.