ஆரக்கிள்: தேதி வடிவத்தை சர்வரில் மாற்றியும் திரையில் மாறவில்லை

கேள்வி:
வணக்கம். எங்கள் ஆரக்கிள் தரவுத்தளத்தின் பில் அட்டவணையில் தேதியை எடுத்துப் பார்த்தால் 05-ஏப்ரல்-24 என்ற பாணியில் நாளும் மாதமும் இரண்டிலக்க ஆண்டும் மட்டுமே தெரிகின்றன. நேரமும் தெரிய வேண்டுமென்று தேதி காட்டும் வடிவத்தைக் குறிக்கும் என்எல்எஸ்_டேட்_ஃபார்மேட் அளபுருவை எஸ்பிஃபைலில் (சர்வரின் அமைப்புக் கோப்பு) மாற்றி, தரவுத்தளத்தையும் நிறுத்தித் தொடங்கிவிட்டோம். கட்டளைகளை இயக்கும் எஸ்க்யூஎல் பிளஸ் கருவியில் இன்னும் பழைய வடிவமே வருகிறது. நேரம் சேமிக்கப்படவே இல்லையோ?

பதில் 1:
தேதியைச் சேமிக்கும் டேட் வகை நூற்றாண்டு முதல் நொடி வரை அனைத்தையும் 7 பைட்டுகளில் வைத்திருக்கும். நேரம் தராமல் பதிந்திருந்தால் நள்ளிரவு 00:00:00 என்று இருக்கும். வடிவம் என்பது அந்த மதிப்பை எழுத்தாக்கும்போது மட்டுமே வருவது. கிளையன்ட் கணினியில் (நீங்கள் இணையும் கணினி) மொழியையும் நாட்டையும் குறிக்கும் என்எல்எஸ்_லாங் அமைந்திருந்தால் (விண்டோஸில் ஆரக்கிளை நிறுவும்போதே ரெஜிஸ்ட்ரியில் ஏறிவிடுவது வழக்கம்) செஷனின் (உங்கள் இணைப்பின்) தேதி வடிவம் அதில் குறித்துள்ள நாட்டைப் பொறுத்தே அமையும். நீங்கள் சர்வரில் எழுதியது அங்கே செல்லுபடியாகாது. ஆகவே அதே கணினியில் என்எல்எஸ்_டேட்_ஃபார்மேட்டையும் அமையுங்கள், அல்லது ஆல்டர் செஷன் கட்டளையால் மாற்றுங்கள். நடப்பில் உள்ள வடிவம் என்எல்எஸ்_செஷன்_பாராமீட்டர்ஸ் வியூவில் தெரியும்.

கேட்டவர்:
நன்றி, ஆல்டர் செஷன் கொடுத்ததும் நேரம் தெரிந்தது. ஆனால் அன்று காலை முதல் மாலை வரை போட்ட எல்லா பில்களிலும் நிமிடம் 04 என்றே இருக்கிறது! நான் கொடுத்தது எச்எச்24:எம்எம்:எஸ்எஸ். இதைச் சரிசெய்தபின், எல்லோருக்கும் ஒரே வடிவம் வர லாகான் ட்ரிகர் (ஒருவர் இணையும்போதே தானாக ஓடும் நிரல்) எழுதலாமா?

பதில் 2:
எம்எம் என்பது மாதம். ஏப்ரல் ஆதலால் 04. நிமிடத்துக்கு எம்ஐ என்று கொடுக்க வேண்டும். (நானும் இதில் ஒருமுறை அரைநாளை இழந்திருக்கிறேன்.)

ட்ரிகரை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேதியை வெறும் எழுத்துச் சரத்தோடு ஒப்பிடும் பழைய நிரல் எங்காவது இருந்தால், வடிவம் மாறிய அன்றே அது ஓரா-01843 (மாதம் செல்லாது) என்ற பிழையோடு நிற்கும். சில வேளைகளில் நிற்காமல் நாளையும் மாதத்தையும் மாற்றிப் படித்துக்கொண்டு போகும், அதுதான் இன்னும் மோசம். அறிக்கைகளில் தேதியை எழுத்தாக்கும் டூ_சார், உள்ளீட்டில் எழுத்தைத் தேதியாக்கும் டூ_டேட் என்று வடிவத்தை வெளிப்படையாகவே எழுதுங்கள். ஆண்டுக்கு நான்கு இலக்கம் கொடுங்கள். இரண்டிலக்க ஆண்டுக்கான ஆர்ஆர் வடிவத்தில் இன்று 49 என்பது 2049 ஆகும், 50 என்பது 1950 ஆகிவிடும். நீண்டகால வைப்பின் முதிர்வுத் தேதியில் இது நேர்ந்தால் என்ன ஆகுமென்று எண்ணிப் பாருங்கள்.

பதில் 1:
உடன்படுகிறேன். உங்கள் குழுவில் எஸ்க்யூஎல் டெவலப்பர் என்ற ஆரக்கிள் கருவியைப் பயன்படுத்துவோர் இருந்தால், அதன் பிரிஃபரன்சஸில் டேட்டாபேஸ் பகுதியின்கீழ் உள்ள என்எல்எஸ் பக்கத்தில் தேதி வடிவத்தைத் தனியே மாற்ற வேண்டும்.