லேண்ட்கேர் டெண்டர்: குறைந்த விலைக்குத்தான் கிடைக்குமா?

டொங்காட் தம்பி:
கரும்புத் தோட்டச் சரிவை மழை அரித்து ஆளையே மறைக்கும் பள்ளமாகிவிட்டது. தென்னாப்பிரிக்க அரசின் நிலப் பாதுகாப்புத் திட்டமான லேண்ட்கேர் பணத்தில், கல் நிரப்பிய கம்பிவலைத் தடுப்பணை கட்ட விலை கேட்டிருக்கிறார்கள். நாங்கள் 2,20,000 ராண்ட். இன்னொருவர் 2,00,000 என்று கேள்வி. அவருக்குத்தான் போகுமா?

வெருலம் அக்கா:
அப்படிச் சொல்லிவிட முடியாது தம்பி. 5 கோடி ராண்ட் வரை 80/20 முறைதான். குறைந்த விலைக்கு 80 மதிப்பெண்; நீங்கள் 10 சதவீதம் கூடுதல், அதனால் 72. மீதி 20 எதற்கென்று டெண்டர் தாளிலேயே இருக்கும். அதற்கான சான்றை இணைக்காவிட்டால் அந்த மதிப்பெண் போச்சு.

பீனிக்ஸ் அண்ணன்:
அப்புறம், அரசுக்கு வேலை செய்பவர்கள் பதியும் மத்திய சப்ளையர் பதிவில் உன் வரிக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று முதலில் பார். விலையைக் குறைக்கிறேன் என்று பொடிக்கல் மட்டும் போடாதே. கண்ணி வழியே கல் நழுவி, அடுத்த வெள்ளத்தில் வெறும் வலைதான் மிஞ்சும்.